டாக்டர் வீட்டுக் கார்

விலை எங்களுக்கு எட்டுகிற விலையாக இருந்தது. என் முதல் சந்தேகமே அதுதான்.

பெரிய பெரிய கார்களைச் செய்து ஜமீன்களுக்கும் மில் முதலாளிகளுக்கும் விற்று வந்த ஒரு சீமைக் கம்பெனி, குடும்பஸ்தர்களுக்கென்று செய்த சின்னக் கார் அது. கம்பெனியின் பெயரைச் சொன்னால் ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். சிவகிரியில் ஒரு டாக்டர் அதை வைத்திருந்தார். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் மனைவி அதை விற்கப்போகிறார் என்று என் கணவரின் அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

கார் வைத்துக்கொள்கிற குடும்பம் அல்ல நாங்கள். அவர் சங்கரன்கோவிலில் வேளாண்மை அலுவலகத்தில் கிளார்க். அலுவலக ஜீப்பில் வண்டி ஓட்டப் பழகியிருந்தார், அவ்வளவுதான். ஆனால் எங்கள் மகளுக்கு இழுப்பு. அப்போது அவளுக்கு மூன்று வயது. முந்தின ஐப்பசியில் அவளை ராஜபாளையத்துக் குழந்தை வைத்தியரிடம் கொண்டுபோக பஸ்ஸில் ஏறினோம். வழியில் பஸ் நின்று, ஆட்கள் இறங்கித் தள்ளி, மறுபடி நின்றது. என் மடியில் அவள் உதடு நாவல் பழம் தின்றதுபோல் ஆகிவிட்டது. வைத்தியர் ஊசி போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று சொல்லி மீதியைச் சொல்லாமல் விட்டார். அடுத்த மழைக்காலத்துக்குள் ஒரு வண்டி வேண்டும் என்று நான்தான் நச்சரித்தேன். ஆகையால் அந்தக் காரைப் பார்க்கப் போனபோது சந்தேகப்படுகிற உரிமை எனக்கு இல்லை என்றும் நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் வீட்டுக் கொட்டகையில் கார் நின்றது. கரும்பச்சை நிறம். டாக்டரின் மனைவி எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் மிதியடியைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று பார்த்தார். டயரை உதைத்தார். அடியில் படுத்து எழுந்தார். எனக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. குழந்தை கதவைத் திறந்துவிட முடியுமா, கண்ணாடி முழுதாக ஏறி மழையை மறிக்குமா, மடியில் வைத்துக்கொண்டு உட்கார இடம் போதுமா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கதவை மூடினால் சத்தமே வரவில்லை. மரப் பெட்டிக்குள் துணி வைத்து மூடுகிற மாதிரி ஒரு சின்ன அமுக்கம், அவ்வளவுதான். உள்ளே டிஞ்சர் வாசனை இருந்தது. முன்பக்கம் பளபளப்பான மரப்பலகை, அதில் நின்றுபோன ஒரு கடிகாரம்.

இடதுபுறத்து முன்சீட்டின் சாய்மானம் மட்டும் வித்தியாசமாக இருந்தது. ஒரு கைப்பிடியை இழுத்ததும் அது அப்படியே பின்னால் விழுந்து பின்சீட்டோடு சேர்ந்துகொண்டது. ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம்.

“படுக்க வைக்கதுக்கு,” என்றார் டாக்டரின் மனைவி. “மதுரையில கொண்டுபோய்ச் சொல்லிச் செஞ்சாக. அவுக இத அவசரத்துக்குத்தான் எடுப்பாக. மத்தபடி எங்க போனாலும் சைக்கிள்தான். கார எடுத்தா பெட்ரோல் வீணாயிருமாம்.”

“இதுக்கு முன்னால யாரும் கேட்டு வரலியாம்மா?” என்று என் கணவர் கேட்டார்.

“வந்தாகளே. ரெண்டு பேர் ஓட்டிப் பாக்கதுக்குக் கொண்டுபோனாக. ரெண்டு பேரும் கொண்டாந்து விட்டுட்டாக. ஏன்னு கேட்டா, வண்டி நல்ல வண்டிதாம்மான்னு சொல்லிட்டுத் தரையப் பாக்காக.” அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். “நீங்களும் ஒரு வாரம் வச்சு ஓட்டுங்க தம்பி. பிடிச்சா எடுத்துக்கிடுங்க. பிடிக்கலன்னா, ஏன் பிடிக்கலங்கத மட்டும் எங்கிட்டச் சொல்லிருங்க.”

வீடு திரும்பும்போது என் கணவர் சந்தோஷமாக இருந்தார். “சத்தத்தப் பாத்தியா? பூனை மாதிரி,” என்றார். பூனை மாதிரி இல்லை. தொண்டைக்குள்ளேயே யாரோ ராகம் இழுப்பது போல இருந்தது. சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகு வண்டி ஒருமுறை உடம்பைக் குலுக்கிப் பெருமூச்சு விட்டு அடங்கியது. நான் அதைச் சொல்லவில்லை. வண்டிக்கு அலைந்தவளும் நான், வந்த வண்டியில் குறை சொல்கிறவளும் நான் என்று ஆகிவிடுமே.

எங்கள் தெரு குறுகல். வாசலை ஒட்டி வண்டியை நிறுத்தினார்.

மறுநாள் காலையில் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. பால்காரி செம்பில் பாலை ஊற்றிவிட்டு, வழக்கமாகச் சொல்கிற ஊர்க்கதை ஒன்றும் சொல்லாமல் போனாள். தினமும் “பூவு, பூவு” என்று கத்திக்கொண்டு வருகிறவள் எங்கள் வீட்டுக்கு முந்தின வீட்டோடு குரலை நிறுத்தி, எங்கள் வாசலைத் தலைகுனிந்து தாண்டி, அடுத்த வீட்டில் மறுபடி தொடங்கினாள். எதிர்வீட்டு ரேடியோ பாடவில்லை. தெருவில் போன ஒரு பெரியவர் காரைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். என் மகள் உள்ளே பானை மூடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் மட்டும் தெருவில் கேட்டது.

பத்து மணிவாக்கில் எதிர்வீட்டு அக்கா பின்வாசல் வழியாக வந்தார். அவர் ஒருநாளும் பின்வாசல் பக்கம் வந்ததில்லை. கையில் கோயில் புற்றுமண் பொட்டலம்.

“தண்ணியாவது உள்ள இறங்குதா?” என்று கிசுகிசுத்தார்.

“யாருக்குக்கா?”

“எங்கிட்ட எதுக்குத் தாயி மறைக்க. இந்தா, அம்மன் மண்ணு. குழைச்சு நெஞ்சுல போடு.”

நான் என் மகளைக் கூப்பிட்டேன். அவள் பானை மூடியோடு ஓடி வந்து நின்றாள். அக்கா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்பம் அந்த வண்டி எதுக்கு உன் வாசல்ல நிக்கி?”

வாங்கலாமா என்று பார்ப்பதற்காகக் கொண்டுவந்திருக்கிறோம் என்றேன்.

“வாங்கவா! ஏ தாயி, ஊர்ல ஒருத்தரும் சொல்லலியா உனக்கு? ராயகிரி, சிவகிரி, இங்கன சுத்துவட்டாரம் எல்லாருக்கும் தெரியுமே. டாக்டர் சைக்கிள்ல வந்தாருன்னா காச்ச, வயித்துப்போக்கு. கார்ல வந்தாருன்னா ஆள் தேறாது. அந்த வண்டி வந்து நின்னுட்டுன்னா சொந்தக்காரங்களுக்குச் சொல்லிவிட்டுருவாக. எங்க மாமாவுக்கும் வந்துச்சே. இதே சத்தம். ராத்திரி நீங்க வரும்போது அடுப்படியில நின்னேன், கையில இருந்த கரண்டியப் போட்டுட்டேன்.”

அக்கா போன பிறகு கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“சாகக் கிடக்கவங்களத் தூக்கிட்டுப் போறதுக்குத்தான் அவரு கார எடுத்திருக்காரு. அப்பம் சாவு கூட வராம என்ன செய்யும்? ஆம்புலன்ஸப் பாத்து யாரும் கையெடுத்துக் கும்பிடுதாகளா? நீ காலேஜுல படிச்சவதான?”

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அவர் சொல்வதற்கு முன்பே எனக்கும் அது தோன்றியிருந்தது. ஆனாலும் அன்று முழுவதும் வாசல் பக்கம் போகும்போதெல்லாம் அந்த இடதுபுறத்துச் சீட்டைப் பார்த்தேன். நேற்று நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் இறங்கினோம். சாயங்காலம் பார்த்தபோது அது பின்னால் விழுந்து, படுக்கையாகக் கிடந்தது. கைப்பிடி தேய்ந்திருக்கும், தானாக நழுவியிருக்கும் என்றார் அவர். இருக்கலாம். வண்டியை வேறு எங்கேயாவது நிறுத்துங்கள் என்றேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் என் மகள் நடையில் உட்கார்ந்து அப்பளத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் ஒரு ஓலம் கிளம்பியது. யார் வீட்டிலோ என்று எட்டிப் பார்த்தேன். என் அம்மாவும் சித்தியும் முடியை அவிழ்த்துப்போட்டு, இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

வாசுதேவநல்லூரில் இருக்கிற என் அம்மாவுக்குச் செய்தி எப்படிப் போயிற்று என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் வாசலில் காரைப் பார்த்த யாரோ, செய்ய வேண்டிய காரியத்தைச் செய்திருக்கிறார்கள். பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டிருக்கிறார்கள். கண்டக்டர் இறங்குகிற ஆளிடம் சொல்லி, அந்த ஆள் வீட்டு வாசலில் வந்து சொல்வதற்குள், தேறாது என்பது முடிந்துவிட்டது என்று ஆகியிருந்தது. யாருடைய மனதிலும் தப்பு இல்லை.

அம்மா வாசலுக்கு வந்தாள். அப்பளத்தோடு உட்கார்ந்திருக்கும் பேத்தியைப் பார்த்தாள். ஆனால் அழுகையை நிறுத்த முடியவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளையை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு, செத்த பிள்ளைக்குப் பாடுகிற ஒப்பாரியைப் பாடினாள். “பாலூட்டி வளத்தேனே” என்று அவள் குரல் போய்க்கொண்டே இருந்தது. நான் அவள் கையைப் பிரித்துப் பார்த்தேன்.

“எம்மா, நிறுத்தும்மா! பிள்ள பயப்படுதா!”

“ஏட்டி, உசிரோடயா இருக்கா? நெசமா இருக்காளா?”

“இருக்காம்மா!”

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “செத்துட்டான்னு சேதி வந்த பிள்ளைக்கு ஆயுசு கெட்டிதான், விடுக்கா,” என்றாள். தெரு முழுவதும் எங்கள் வாசலில் கூடியிருந்தது. யாரோ சிரித்தார்கள். அம்மாவும் மூக்கைச் சிந்திவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே எனக்கு அது கேட்டது. என் மகளின் நெஞ்சுக்குள்ளிருந்து, கதவிடுக்கில் காற்று நுழைகிற அந்தச் சத்தம். பயந்து ஏங்கி ஏங்கி அழுததில் இழுப்பு வந்துவிட்டது.

முதலில் கஷாயம், பிறகு மாத்திரை, பிறகு அக்காவின் புற்றுமண். எதற்கும் அடங்கவில்லை. தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. உதட்டைப் பார்த்தேன்.

“வண்டிய எடுங்க,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நேற்றுக்கூட அந்த வண்டி வாசலில் வேண்டாம் என்று சொன்னவள் நான். “எடுங்கங்கேன்!” என்று கத்தினேன்.

ராஜபாளையத்துக்கு நேர் ரோட்டில் பாலம் வேலை நடந்துகொண்டிருந்தது. ராயகிரி, சிவகிரி வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும். சீட்டை நிமிர்த்த எனக்கு நேரம் இல்லை. படுக்கையாகக் கிடந்த அந்தச் சீட்டிலேயே தலையணையைப் போட்டு அவளைச் சாய்த்துவிட்டு, பின்னால் உட்கார்ந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பயணத்தை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். என் கணவர் ஒருமுறைகூட ஹாரன் அடிக்கவில்லை. அடிக்க வேண்டியிருக்கவில்லை. முன்னால் போன மாட்டுவண்டிகள் நாங்கள் நெருங்குவதற்கு முன்பே மண்ணில் இறங்கி நின்றன. எதிரே வந்த பஸ் ரோட்டை விட்டு ஒதுங்கி, எஞ்சினைக்கூட அணைத்துவிட்டு நின்றது. ராயகிரியில் கடைத்தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம். சத்தம் கேட்டதும் அது இரண்டாகப் பிரிந்து, நடுவில் வெறும் ரோடு கிடந்தது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்கள். யாரும் வண்டி ஓட்டுகிறவரைப் பார்க்கவில்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் ஒரே இடத்தைப் பார்த்தது. டாக்டர் ஆளைப் படுக்க வைக்கிற இடத்தை. ஒரு கிழவி கைகூப்பினாள். நான் என் முந்தானையை விரித்து மகளை மூடினேன். மூடிய பிறகுதான் பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று உறைத்தது. பதறி விலக்கினேன்.

ராஜபாளையத்தில் வைத்தியர் ஊசி போட்டு, ராத்திரி முழுவதும் அங்கேயே வைத்துக்கொண்டார். விடியும்போது அவள் சீராக மூச்சுவிட்டாள். “இந்தத் தடவை நேரத்தோட வந்துட்டீங்க,” என்றார். அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது நான் சீட்டை நிமிர்த்தி, கைப்பிடியைக் கயிற்றால் கட்டி, மகளை மடியில் வைத்து முன்னால் உட்கார்ந்தேன். எல்லாருக்கும் தெரியட்டும் என்று அவளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். நல்ல வெயில். ராயகிரியைத் தாண்டி ஒரு வளைவில் ஒரு பெண் ரோட்டின் நடுவில் வந்து கையை விரித்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். மாவு ஆட்டிய கை, கழுவாமல் வந்திருந்தாள்.

“டாக்டரய்யா வண்டிதான இது?” என்றாள்.

“டாக்டர் இல்லம்மா. அவரு காலமாயி ரெண்டு வருசமாச்சு,” என்றார் என் கணவர்.

“தெரியும்யா. எங்க மாமனாருக்கு மேலுக்கு முடியாம ரொம்ப நாளாக் கிடக்காக. சோறு தண்ணி இல்ல. மண்ணாசையோன்னு மண்ணக் கரைச்சு ஊத்திப் பாத்தாச்சு, பொன்னாசையோன்னு தங்கத்த உரசி ஊத்திப் பாத்தாச்சு, உசிர் போவ மாட்டேங்கு. கார் வரல, கார் வரலன்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கிடக்காக. ஒரு தடவ வாசல்ல வந்து நிப்பாட்டிட்டுப் போங்கய்யா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். எனக்கு முடியாது என்று சொல்லத் தெரியவில்லை. பிழைத்து வந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அங்கே போகக்கூடாது என்று நினைத்தேன். நேற்று இந்தச் சனங்கள்தானே நமக்கு வழிவிட்டார்கள் என்றும் நினைத்தேன். அவள் வண்டிக்கு முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டாள். வண்டி அவள் பின்னால் போனது.

ஓட்டு வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சத்தம் தெருவுக்கே கேட்டது. கதவிடுக்கில் காற்று நுழைகிற சத்தம். என் மகளுக்கு வருகிற அதே இழுப்பு. அவள் காதைப் பொத்தினேன். என் காதை யார் பொத்துவது?

என் கணவர் எஞ்சினை நிறுத்தினார். வண்டி உடம்பைக் குலுக்கிப் பெருமூச்சு விட்டது.

உள்ளே அந்தச் சத்தம் இன்னும் சில இழுப்பு வந்தது. பிறகு வரவில்லை. அடுத்தது வரும் என்று நான் என்னை அறியாமல் காத்திருந்தேன். இப்படித்தானே ஒவ்வொரு மழைக்காலமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறேன். வரவில்லை. வேப்பமரத்தில் ஒரு காக்கை இறங்கிற்று. என் மகள், “அம்மா, வீடு வந்துட்டா?” என்று கேட்டாள்.

அந்தப் பெண் வெளியே வந்தாள். அழவில்லை. எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. நாங்களும் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தோம். தெருவைத் தாண்டிய பிறகுதான் பின்னால் அழுகை எழுந்தது.

வண்டி மறுபடி ரோட்டில் ஏறியது. அவர்தான் தொடங்கினார்.

“நாளைக்கோ இன்னைக்கோன்னு கிடந்த மனுசன். சத்தத்தக் கேட்டதும் மனசு விட்டிருக்கும். வேற ஒண்ணுமில்ல.”

“ஆமா,” என்றேன்.

“கொண்டுபோய் விட்டுருவோமா?”

மடியில் இருந்த மகளைப் பார்த்தேன். இந்த வண்டி இல்லாவிட்டால் நேற்று அவள் இல்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வேறு எந்த வண்டிக்கும் அந்த ரோடு அப்படித் திறந்திருக்காது. ஆனால் அது வந்து நின்ற வாசலில் என்ன நடந்தது என்பதையும் என் காதாலேயே கேட்டுவிட்டேன். இரண்டையும் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். துக்க வீட்டு வாசலில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் தீட்டு உண்டா, நேற்று ஊசி போட்ட பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்கிற கவலைகூட நடுவே வந்து போயிற்று.

சங்கரன்கோவில் கோபுரம் தெரிந்தது. எங்கள் தெருமுனை வந்தது. அவர் வண்டியைத் தெருவுக்குள் திருப்பப் போனார்.

“இங்கனயே நிப்பாட்டுங்க,” என்றேன்.

“என்னாச்சு?”

“இங்கனயே. இதுக்கு மேல வரவேண்டாம்.”

நிறுத்தினார். நான் இறங்கி மகளைத் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் தூங்கியிருந்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் சூடாக, சத்தமில்லாமல் பட்டது.

“அப்பம் வண்டி வேண்டாமா?”

“வேணும். வாங்கிருங்க. ஆனா நம்ம வாசல்ல ஒருநாளும் நிக்கக் கூடாது. எங்கயாவது தள்ளி நிப்பாட்டுங்க. வேணுங்கும்போது பிள்ளையத் தூக்கிட்டு நான் ஓடி வந்துருதேன்.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வண்டியைத் தெருவுக்குள் விடாமல் பின்னுக்கு எடுத்து, பஞ்சு குடோன் இருக்கிற பக்கமாகத் திருப்பினார். நான் மகளோடு வீட்டை நோக்கி நடந்தேன். அம்மாவும் எதிர்வீட்டு அக்காவும் எங்கள் வாசலில் நின்றிருந்தார்கள். தோளில் பிள்ளை கிடக்க நடந்து வருகிறவளைப் பார்த்ததும் அம்மா நெஞ்சில் கைவைத்தாள். பிள்ளை மூச்சுவிடுவது பார்க்கிறவர்களுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியட்டும் என்று நான் நடுத்தெருவிலேயே நடந்தேன்.